பொடோனி எழுத்தில் பெயர்ப்பலகை போட்டேன், இரவில் கதியால் வேலியாகிவிட்டது

உவர்மலையான்:

எல்லோருக்கும் வணக்கம். அச்சு, டிசைன் வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

திருகோணமலையில், உப்புவெளியில் ஒரு தங்குமிடத்துக்கு வேலை செய்து கொடுத்தேன். பெயர் வேண்டாம். முதலாளிக்கு எல்லாமே 'மெகசின் அட்டை மாதிரி' இருக்க வேண்டும். வீதியோரப் பலகை, உணவுப் பட்டியல், அறைத் திறப்போடு கொடுக்கும் சின்ன அட்டை, எல்லாம். நான் பொடோனி என்ற ஆங்கில எழுத்துருவை எடுத்தேன், தண்டு தடிப்பு, குறுக்குக் கோடு மயிரிழை. லப்டொப்பில் பெரிதாக்கிக் காட்டியபோது அவருக்கு வாயெல்லாம் பல். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

பலகை ஏற்றிய அன்றிரவு நிலாவெளி வீதியால் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தேன். 'ஹோட்டல்' என்ற சொல் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. எச்-இன் நடுக்கோட்டைக் காணவில்லை, இரண்டு தூண்தான் நிற்கிறது. ஓ மேலும் கீழும் அறுந்து இரண்டு பிறையாகக் கிடக்கிறது. டி, இ, எல் மூன்றும் வெறும் கம்பு. வளவுக்கு வேலி போடக் கதியால் நட்டு வைத்த மாதிரி இருந்தது. பக்கத்துக் கடைக்காரர், "தம்பி, இது என்ன பாஷை?" என்று கேட்டார்.

உணவுப் பட்டியல் அதைவிட மோசம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, 9 புள்ளி அளவு (72 புள்ளி ஓர் அங்குலம்). மேசை விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் கைத்தொலைபேசி டோர்ச் அடித்து வாசித்தாராம்.

எழுத்துருவே சரியில்லையா, நான் பாவித்த விதம் சரியில்லையா? மாற்றச் சொன்னால் என் காசில்தான் மாற்ற வேண்டும்.

மான்குட்டி:

கதியாலில் ஆடு கட்டலாம். நட்டமில்லை.

ஈயஎழுத்து:

தம்பி, அந்த எழுத்தைக் கொண்டுபோய் வீதியில் நிறுத்தினது உம்முடைய பிழை. எழுத்தை ஏசாதையும்.

நான் 22 வருடம் அச்சுக்கோர்த்தவன். பட்டினத்துக்குள் சின்ன அச்சகம், இப்போது அந்தக் கட்டடத்தில் கைத்தொலைபேசிக் கடை. எங்களிடம் பொடோனி ஒரே ஒரு தட்டுத்தான் இருந்தது, 24 புள்ளி. கலியாண அட்டைக்கும் பாடசாலை மலரின் முகப்புக்கும் மட்டும்தான் வெளியில் வரும். புதுப் பெடியன்கள் அந்தத் தட்டில் கை வைக்க முதலாளி விடமாட்டார். ஈயத்தில் அந்த மயிரிழைக் கால் எங்காவது தட்டுப்பட்டால் முறிந்துவிடும். சிறிய எஃப்-இன் நுனியில் ஒரு குண்டு இருக்கிறதே, அது முதலில் போகும். ஒவ்வொரு வேலை முடிந்தும் எழுத்தைத் திரும்பத் தட்டில் போடும்போது ஒன்றொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். நுனி போனது என்றால் உருக்குகிற டின்னுக்குள்.

இந்த எழுத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் அதன் குணமும் விளங்கும். அதற்கு முந்திய ரோமன் எழுத்தெல்லாம் பட்டையாய் வெட்டிய இறகுப் பேனாவின் சாயல். தடிப்பும் மெலிவும் சாய்வாக, மெதுவாக மாறும். 1757இல் பர்மிங்காமில் பாஸ்கர்வில் என்பவர் பழைய லத்தீன் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டார். அதில் ஒரு பகுதிக்குக் கம்பித் தடம் விழாத வழுவழுப்பான தாளைப் பாவித்தார். மையும் முன்பைவிடக் கறுப்பு. மெல்லிய கோடு தாளில் உடையாமல் விழும் என்று அப்போது தெரிந்தது. பிறகு விடுவார்களா? பாரிசில் டிடோ குடும்பம், இத்தாலியின் பார்மாவில் பொடோனி, இரண்டு பக்கமும் போட்டி போட்டு மெலிவை மயிரிழை வரைக்கும் கொண்டுபோனார்கள். செப்புத் தகட்டில் ஊசியால் கீறுகிறவனின் கோடு அது. தடிப்பு நெட்டுக்கு நிற்கும், மெலிவு குறுக்கே ஓடும், இடையில் சமரசம் குறைவு.

பொடோனி 1740இல் சலூட்சோ என்ற ஊரில் பிறந்தவர், அச்சுக்காரரின் மகன். ரோமில் திருச்சபையின் அச்சகத்தில் கீழைத்தேய மொழிகளுக்கு எழுத்துக் கோர்த்துப் பழகியவர். 1768இல் பார்மா கோமகனின் அச்சகத்துக்குப் பொறுப்பாகப் போனார். ஆரம்பத்தில் பிரெஞ்சுக்காரர் ஃபூர்னியேயின் எழுத்தை வாங்கித்தான் அடித்தார். பிறகு அதைப் பார்த்து வெட்டி, அப்புறம்தான் தன் வழிக்கு வந்தார். எடுத்த எடுப்பில் யாரும் பொடோனி ஆகவில்லை, பொடோனி உட்பட.

உமக்கு வேண்டிய செய்தி இதுதான்: அவர் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக எழுத்து வெட்டினார். சின்ன எழுத்தில் மெலிவைக் கொஞ்சம் தடிப்பாக விட்டார், பெரிய எழுத்தில் இழைத்தார். 1813இல் அவர் இறந்த பிறகு மனைவி மார்கெரிட்டா 1818இல் இரண்டு பாகமாக வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் ரோமன் எழுத்து மட்டும், சாய்வெழுத்தோடு சேர்த்து, 142 தொகுதி. ஒரே எழுத்துக்கு எதற்கு இத்தனை? கண்ணுக்கே தெரியாத வித்தியாசத்தில் அளவு அளவாக வெட்டி வைத்திருந்தார். நீர் ஒரு எழுத்துருவை இறக்கி, 9 புள்ளிக்கும் அதுவே, ஒன்றரை அடிப் பலகைக்கும் அதுவே என்று இழுத்திருக்கிறீர்.

உவர்மலையான்:

ஐயா, மிக்க நன்றி. எழுத்துருப் பட்டியலில் பெயருக்குப் பின்னால் 6, 11, 28 என்று இலக்கம் இருந்ததைப் பார்த்தேன். ஏதோ பதிப்பு எண் என்று நினைத்துக் கடைசியில் இருந்ததை எடுத்தேன். அது 96.

ஈயஎழுத்து:

பார்த்தீரா.

சும்மா_ஒருவன்:

மன்னிக்கவும், எனக்கு இந்தத் தொழில் தெரியாது. மீன் கறி நல்லாயிருந்தால் ஆள் வரும், பலகை எந்த எழுத்தில் இருந்தால் என்ன? ஆனால் ஒரு சந்தேகம். இவ்வளவு கரைச்சல் பிடித்த எழுத்தை வாசனைத் திரவியக் கம்பனியும் உடுப்புக் கம்பனியும் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன?

வெண்தாள்:

நல்ல கேள்வி. நான் கற்பிக்கிறவள், அதனால் கொஞ்சம் நீளும்.

அந்தக் கரைச்சலேதான் அதன் விலை என்று சொல்லலாம். மயிரிழை உடையாமல் இருக்க வேண்டுமென்றால் நல்ல தாள் வேண்டும், நல்ல அச்சு வேண்டும், சுற்றிவர நிறைய வெள்ளை இடமும் வேண்டும். இந்த மூன்றும் காசு. பட்டுச் சேலையை மழையில் உடுக்க முடியாது என்பது அந்தச் சேலைக்குக் குறையா? வோக் இதழின் தலைப்பைப் பாருங்கள், அது டிடோ வகை. ஹார்ப்பர்ஸ் பஜார் 1992இல் தன் தோற்றத்தை மாற்றியபோது ஜொனதன் ஹோஃப்லர் வரைந்த டிடோவை எடுத்தது. ஐயா சொன்ன சங்கதியை அவர் கணினிக்குள் கொண்டுவந்தார். 6 புள்ளியிலிருந்து 96 புள்ளி வரை ஏழு அளவுக்கு ஏழு வெட்டு. பெரிய தலைப்பிலும் சின்ன வரியிலும் மயிரிழை ஏறக்குறைய ஒரே தடிப்பாகத் தெரியும். நாம் அட்டையைப் பார்த்து 'ஆகா' என்கிறோம். பின்னால் ஏழு எழுத்துரு வேலை செய்வது நமக்குத் தெரிவதில்லை.

டிடோவும் பொடோனியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிடோ விறைத்து நிற்கும், அதன் அடிக்கோடு (தண்டின் முனையில் குறுக்கே நிற்கும் சின்னக் கால், செரிஃப்) கத்தியால் வெட்டிய மாதிரி நேர். பொடோனியின் மூல எழுத்தில் அடிக்கோடு தண்டோடு சேரும் இடத்தில் மிக மிகச் சின்ன வளைவு உண்டு, கொஞ்சம் ஈரம் இருக்கும். பொடோனி என்ற பெயரில் இன்று கிடைப்பவையும் ஒன்றல்ல. அமெரிக்காவில் மொரிஸ் ஃபுல்லர் பென்டன் 1910ஐ ஒட்டி வரைந்தது முரடு, விளம்பரத்துக்கும் நாளிதழ்த் தலைப்புக்கும் தாங்கும். ஜெர்மனியில் பாவர் வார்ப்பகம் 1926இல் வெளியிட்டது மிக மெலிசு, அழகு, ஆனால் கண்ணாடிச் சாமான். 1994இல் வந்த ஐடிசி பொடோனியை வரைந்தவர்கள் பார்மாவுக்கே போய் மூல எழுத்தைப் பார்த்து 6, 12, 72 என்று மூன்று வெட்டுக் கொடுத்தார்கள். காசில்லாமல் வேண்டுமென்றால் பொடோனி மோடா இருக்கிறது. அதில் அளவுக்கேற்ப மெலிவை மாற்றும் வசதி உள்ளேயே உண்டு, 6இலிருந்து 96 வரை. தம்பி எடுத்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது கணக்கு. தலைப்பு வெட்டில் மயிரிழை, எழுத்தளவில் 50இல் ஒரு பங்கு என்று வையுங்கள். 72 புள்ளியில் அது ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். கம்பீரமாகத் தெரியும். அதையே 9 புள்ளிக்கு இறக்கினால் 0.06 மில்லிமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் அந்தக் கோட்டில் மை இல்லை, சுற்றியுள்ள மைதான் அதை விட்டுவைக்க வேண்டும். கறுப்பு மை இரண்டு பக்கத்தாலும் ஒரு நூல் பரவினால் கோடு போச்சு. வெள்ளைக்காரப் பெரியவர் டோர்ச் அடித்ததில் ஆச்சரியம் இல்லை.

ஈயஎழுத்து:

மை பரவுவது பற்றிச் சொன்னதும் ஒரு ஞாபகம். ஈயத்தில் அடிக்கும்போது எழுத்து தாளுக்குள் கொஞ்சம் அழுந்தி, மை பக்கவாட்டில் பிதுங்கும். அதனால் எங்களுடைய பொடோனி இப்போது திரையில் காண்கிறதைவிடக் கொஞ்சம் கொழுத்துத்தான் வரும். அதை நினைத்துத்தான் வெட்டினவர்களும் வெட்டினார்கள். கணினி அந்தக் கொழுப்பைச் சேர்க்காது. பிறகு எல்லோரும் 'பொடோனி குளிர், உயிரில்லை' என்று குற்றம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கிண்ணியா_நானா:

தம்பி, நான் பலகை செய்கிறவன். உங்களுடைய பலகையை யார் செய்தது என்று கேட்க மாட்டேன். வெளிச்சப் பெட்டிதானே? வெள்ளை முகம், கறுப்பு ஸ்டிக்கர், உள்ளுக்கு எல்ஈடி?

உவர்மலையான்:

ஓம் நானா. அதேதான்.

கிண்ணியா_நானா:

அப்படியென்றால் கேளுங்கள். வெள்ளை முகத்தில் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் கறுப்பு எழுத்தை அது இரண்டு பக்கத்தாலும் தின்னும். தடிப்பான தண்டுக்கு வயிறு இருக்கிறது, தாங்கும். மயிரிழை பட்டினி. பகலில் சரியாக இருந்திருக்குமே?

சரி, வெளிச்சத்தை விடுங்கள். உப்புக் காற்று இருக்கிறது. ஸ்டிக்கரில் 2, 3 மில்லிமீற்றர் அகலத்தில் நீட்டுக்கு வெட்டின துண்டு ஒட்டி நிற்கப் பசை போதாது. வாடைக் காற்று தொடங்கினால் முதலில் அதுதான் நுனி தூக்கும், பிறகு ஈப்போல அடித்துக்கொண்டு நிற்கும். அக்ரிலிக்கில் வெட்டினாலும் அதே கதை. 30 சென்ரிமீற்றர் எழுத்துக்கு 50இல் ஒரு பங்கு என்றால் 6 மில்லிமீற்றர், வெட்டலாம். 12 சென்ரிமீற்றர் எழுத்துக்கு இரண்டரை கூட வராது. இழுத்துக் கழற்றும்போதே கையோடு வரும். எச்-இன் நடுக்கோடு என் கையில் எத்தனை தரம் முறிந்திருக்கிறது தெரியுமா.

ஒருமுறை ஒரு நகைக்கடைக்கு இதே எழுத்து கேட்டார்கள். நான் தண்டைத் தொடாமல் மயிரிழையை மட்டும் இரண்டு மடங்கு தடிப்பாக்கி வெட்டிக் கொடுத்தேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை. அழகாக இருக்கிறது என்று தேத்தண்ணீர் வாங்கித் தந்தார்.

வெண்தாள்:

நானா, நீங்கள் செய்தது பொடோனி செய்ததேதான். அளவைப் பார்த்து, இடத்தைப் பார்த்துத் தனியாக ஒரு வெட்டு.

கிண்ணியா_நானா:

அவருக்குக் கோமகன் சம்பளம் கொடுத்தார் அக்கா.

சும்மா_ஒருவன்:

இதை வாசித்த பிறகு வீட்டில் கிடந்த கலியாண அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். பத்தில் நாலு இந்த எழுத்துத்தான், அதுவும் தங்க நிற மென்தகட்டை அழுத்தி ஒட்டியது. ஒன்றில் மாப்பிள்ளையின் பெயரில் உள்ள ஆங்கில 'என்' எழுத்துக்கு இரண்டு பக்கக் கம்பும் இல்லை, நடுவில் சாய்ந்த தடி மட்டும் நிற்கிறது. இவ்வளவு நாளும் அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உவர்மலையான்:

அந்த அட்டை என்னுடையதாகவும் இருக்கலாம். போன வருடம் ஒரு அச்சகத்தில் தங்கத் தகடு அடித்துக் கொடுத்தார்கள். மயிரிழையில் தகடு பிடிக்கவில்லை, 300 அட்டை. மணமகளின் தந்தை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கவலை.

ஈயஎழுத்து:

தகட்டுக்குக் கொடுக்க முதல் ஒரு சோதனை இருக்கிறது, செலவு இருபது முப்பது ரூபாதான். உண்மையான அளவில் ஒரு பிரதி எடுத்து, அதைப் போட்டோகொப்பி எடும். அந்தக் கொப்பியை இன்னொரு கொப்பி எடும். இரண்டாவது கொப்பியில் கோடு அறுந்தால் தகட்டிலும் அறும், ஸ்டிக்கரிலும் அறும். நாங்கள் அந்தியேட்டிக் கல்வெட்டு (செத்தவரின் நினைவாக அடிக்கும் சின்னப் புத்தகம்) அடிக்கிற காலத்தில் முகப்பு எழுத்துக்கு இப்படித்தான் பார்ப்போம். செத்தவரின் பெயர் அறுந்து வந்தால் சனம் அபசகுனம் என்று சொல்லும்.

உவர்மலையான்:

இன்னொன்று. பலகையிலும் பட்டியலிலும் தமிழும் சிங்களமும் வர வேண்டும். பொடோனிக்குப் பக்கத்தில் எந்தத் தமிழை வைப்பது? பாமினியில் (ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவம் வைத்த பழைய எழுத்துரு) ஏற்கெனவே தட்டி வைத்த பட்டியல் ஒன்றும் இருக்கிறது.

மான்குட்டி:

பாமினியில் தட்டிய பட்டியல் முழுவதையும் தெரிவு செய்து பொடோனியைக் கொடுத்துப் பார்த்தீர்களா? 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரும். மிக நேர்த்தியான இத்தாலிய எழுத்தில்.

உவர்மலையான்:

பார்த்தேன். மாதிரி அச்சிலும் வந்துவிட்டது. 'இறால் பிரட்டல்' இருந்த இடத்தில் ஏதோ கடவுச்சொல்.

வெண்தாள்:

முதலில் அதை யுனிகோடுக்கு மாற்றுங்கள், தம்பி. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் இதே விபத்துத்தான்.

தமிழுக்குப் பொடோனி தேடாதீர்கள் என்பது என் கருத்து. சிலர் தமிழ் எழுத்திலும் மயிரிழை போட்டு, கால் போட்டு வரைகிறார்கள். விளம்பரத்தில் ஒரு சொல்லுக்குச் சரி. ஆனால் ரோமன் பெரிய எழுத்தின் எலும்பு நெட்டுக்கு நிற்கும் தண்டு. பொடோனி அந்தத் தண்டில்தான் சவாரி செய்கிறது. தமிழுக்கு அந்தத் தண்டு எங்கே? க, ச, த, ர போன்றவற்றில் கொஞ்சம் இருக்கிறது. ண, ஞ, ஐ எல்லாம் சுழிதான். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து நமது, எழுத்தாணிக்கு அழுத்தினால் ஆழம் கூடும், அகலம் கூடாது. ண-வின் மூன்று சுழிக்குள்ளும் தடிப்பு மெலிவு ஏற்றினால் 10 புள்ளியில் மூன்று கறுப்புப் பொட்டு மிஞ்சும்.

ஆகவே மிதமான தடிப்பு மெலிவு உள்ள ஒன்றை எடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், டீரோ தமிழ் இரண்டும் இலவசம். நீளமான வாசிப்புக்கு நான் டீரோவை எடுப்பேன், பழைய புத்தகத்தின் நிதானம் அதில் இருக்கிறது. தமிழின் மெல்லிய கோடு பொடோனியின் மயிரிழையைவிடத் தடிப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இரண்டு பந்தியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் போதும். பொதுவாகத் தமிழை ஒரு புள்ளி சின்னதாக்க வேண்டி வரும்.

ஒரு சின்ன அழகு சொல்லட்டுமா? பொடோனியின் சிறிய சி, எஃப், ஆர் எழுத்துக்களின் நுனியில் உருண்டையாக ஒரு குண்டு இருக்கும், ஐயா முறியும் என்று சொன்னது அதைத்தான். அதன் பக்கத்தில் நம்முடைய மெய்யெழுத்துப் புள்ளியை வைத்துப் பாருங்கள். புள்ளியின் பருமனும் அந்தக் குண்டின் பருமனும் கிட்டத்தட்டச் சமமாக வந்தால் இரண்டு மொழியும் ஒரே ஆள் எழுதியது போல இருக்கும். தமிழின் அளவை நான் அதைப் பார்த்துத்தான் தீர்மானிப்பது.

சும்மா_ஒருவன்:

அப்போ உணவுப் பட்டியலில் இந்த எழுத்துக்கு இடமே இல்லையா? பாவம்.

வெண்தாள்:

இலக்கத்துக்கு இருக்கிறது! பொடோனியின் 2, 3, 5 மூன்றையும் 40 புள்ளிக்கு மேல் போட்டுப் பாருங்கள். 2-இன் கழுத்து வளைந்து வந்து குண்டில் முடியும் இடத்தை நான் வகுப்பில் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். அறை இலக்கத்துக்கு இதைவிட நல்ல எழுத்துக் கிடையாது. ஒவ்வொரு கதவிலும் ஒரே ஒரு பெரிய இலக்கம், வேறு ஒன்றும் வேண்டாம். கதவுக்கு முன்னால் வருகிறவர் இரண்டு அடி தூரத்தில் நிற்பார், மோட்டார் சைக்கிளில் வரமாட்டார்.

உவர்மலையான்:

முதலாளியோடு கதைத்தேன். எதிர்பார்த்ததைவிட நல்ல மனிதர். பலகைச் செலவில் பாதி என்னுடையது, பாதி அவருடையது.

வீதிப் பலகைக்கு மயிரிழை இல்லாத தடித்த எழுத்து, மூன்று மொழியும். உள்ளே வரவேற்பு மேசைக்குப் பின்னால் உள்ள வெள்ளைச் சுவரில் அந்தப் பெயரை மட்டும் பொடோனியில், ஒரு எழுத்து ஒன்றரை அடி உயரத்தில். வெளிச்சம் மேலேயிருந்து விழும், பின்னாலிருந்து அல்ல. அறைக்கதவுகளில் இலக்கம். பட்டியலில் பிரிவுத் தலைப்பு மட்டும் பொடோனி, 28 வெட்டு, 26 புள்ளி. சாப்பாட்டு விபரம் எல்லாம் வேறு எழுத்து, வெள்ளைத் தாளில் கறுப்பு.

ஐயாவின் சோதனையும் செய்தேன். இரண்டாவது கொப்பியில் தலைப்பு அறவில்லை. வீதிப் பலகையின் எழுத்தை உண்மையான அளவில் தாளில் எடுத்து, வீட்டு மதிலில் ஒட்டி, வீதிக்கு அந்தப் பக்கம் நின்று இரவில் பார்ப்பதாகத் திட்டம். ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஊருக்குள் திரிகிற மான் ஒன்று நின்று மூன்றாவது எழுத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. மாப்பசை போட்டு ஒட்டியது என் பிழை.

மான்குட்டி:

எங்களுக்கும் பொடோனிதான் விருப்பம். மெலிசாக இருப்பதால் இலகுவாகச் சமிக்கும்.

கிண்ணியா_நானா:

சுவர் எழுத்துக்கு 5 மில்லிமீற்றர் அக்ரிலிக் வேண்டாம், 8 எடுங்கள். ஒன்றரை அடி என்றால் மயிரிழை 9 வரும், அது நிற்கும். சுவரில் ஒட்டாமல் ஒரு சென்ரிமீற்றர் தள்ளி ஆணியில் நிறுத்தினால் நிழல் விழும், கோடு இன்னும் கொஞ்சம் தடிப்பாகத் தெரியும். கணினிக் கோப்பை அனுப்ப முதல் எந்த வெட்டு என்று அதன் பெயரில் எழுதி அனுப்புங்கள் தம்பி. வியாழக்கிழமை மூதூரில் ஒரு வேலை இருக்கிறது, வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அளக்க வருகிறேன்.